பாஸ்டன் ‘பைலட்’டில் எழுதியவர்கள் எப்படிப்பட்ட ஆட்கள்?

பழையபேப்பர்: 1880களில் அமெரிக்க ஐரிஷ்காரர்கள் விரும்பிப் படித்த வாரப் பத்திரிகை ‘பைலட்’. கத்தோலிக்கப் பத்திரிகையாயிற்றே, பாதிரியார்கள்தான் எழுதியிருப்பார்கள் என்று நினைத்தேன். அதில் ஐரிஷ் கவிஞர் யேட்ஸ் பெயரைப் பார்த்ததும் குழம்பிவிட்டேன்.

மைக்கூடு: ஆசிரியரே தப்பியோடிய கைதி! ஜான் பாயில் ஓ’ரைலி, 1844இல் அயர்லாந்தின் டிரோஹெடா பக்கம் பிறந்தவர். சிறுவனாகவே அச்சகத்தில் எழுத்துக் கோக்கப் போனார். (நானும் எழுத்துக் கோத்துப் பிழைத்தவன். ஈய எழுத்தைத் தலைகீழாகப் படித்துப் பழகிய கண் சாகும்வரை மாறாது.) அப்புறம் பிரிட்டிஷ் குதிரைப்படையில் இருந்துகொண்டே அயர்லாந்து விடுதலைக்கான ரகசிய ஃபீனியன் இயக்கத்துக்கு ஆள் சேர்த்தார். மாட்டியதும் மரண தண்டனை. அது குறைந்து மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தல். 1869இல் அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பலில் ஏறித் தப்பிவிட்டார்.

யேட்ஸ் ஓவியர் மகன், புராட்டஸ்டன்ட் குடும்பம். இருபது சொச்சம் வயதில் லண்டனிலிருந்து கடிதக் கட்டுரை எழுதி அனுப்பினார்.

பழையபேப்பர்: சரி, பெண்கள்?

மைக்கூடு: லூயிஸ் இமோஜன் கைனி. அப்பா அயர்லாந்தின் டிப்பரரியில் பிறந்து, அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கு அணிக்காகச் சண்டை போட்டவர். மகள் ‘பி.ஓ.எல்.’ என்ற பெயரில் கவிதை எழுதினார். 1894இல் பாஸ்டன் பக்கத்து ஆபர்ன்டேல் ஊரில் தபால் அதிகாரி வேலை. ஸ்டாம்பு விற்றால்தான் சம்பளம். கத்தோலிக்கப் பெண்ணாயிற்றே என்று ஊரில் சிலர் வாங்க மறுக்க, வெளியூர் வாசகர்கள் கட்டுக்கட்டாக ஸ்டாம்பு வாங்கிக் காப்பாற்றினார்கள்.

பழையபேப்பர்: ஸ்டாம்பு கதை ஒன்றே போதும்!