எண்ணெய் குறைவான மயோனைஸுக்கு ஒரு வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் தண்டையார்பேட்டை. பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை போட்டதிலிருந்து வீட்டிலேயே பாலில் செய்கிறேன். அரை கப் குளிர்ந்த பால், ஒரு கப் சூரியகாந்தி எண்ணெய், கொஞ்சம் கடுகுத்தூள், பூண்டு, உப்பு. மிக்சியில் எண்ணெயை நூல் மாதிரி விட்டு அடித்து, கடைசியில் எலுமிச்சை பிழிந்ததும் கெட்டியாகிவிடும். பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் அப்பாவுக்குக் கொலஸ்ட்ரால். அவ்வளவு எண்ணெய் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அதனால் தயிரைத் துணியில் கட்டி வடித்து, புதினாவும் மிளகும் தட்டிப் போட்டு, வெள்ளரி, கேரட்டில் கலந்து கொடுக்கிறேன். அவருக்குக் காசிமேட்டில் வேலை, அங்கே ஃப்ரிட்ஜ் கிடையாது. மதியத்துக்குள் வெள்ளரி தண்ணீர் விட்டு, தயிரும் புளித்துவிடுகிறது. தனி டப்பாவில் கொடுத்தால் கலக்க நேரமில்லை என்று அப்படியே திரும்பி வருகிறது.

தயிருக்குப் பதிலாக வெள்ளை எள்ளையோ வேர்க்கடலையையோ வறுத்து, எலுமிச்சைச் சாறு விட்டு அரைத்து யாராவது செய்கிறீர்களா? மதியம் வரை தாங்குமா? கசக்காமல் இருக்க எள்ளை எவ்வளவு வறுக்க வேண்டும்? அப்புறம், வண்ணாரப்பேட்டைப் பக்கம் நல்ல வெள்ளை எள் எந்த மளிகையில் கிடைக்கும் என்றும் சொல்லுங்கள், அக்கா, அண்ணா.