பொனேர் தீவுக்குக் குழுவாக ஸ்கூபா பயணம்: புறப்படுவதற்கு முன் எவற்றை முடிவு செய்ய வேண்டும்?

கேள்வி: அலைமுகம்

அனைவருக்கும் வணக்கம்.

கரீபியன் கடலில், வெனிசுவேலாவுக்கு வடக்கே உள்ள பொனேர் தீவுக்கு எங்கள் டைவிங் குழுவினர் பத்துப் பேர் ஒரு வாரப் பயணமாகச் செல்லவிருக்கிறோம். கடலோர விடுதியில் அறைகளும், வேண்டிய அளவு சிலிண்டர்களை எடுத்துக்கொள்ளும் வசதியும், வாடகைக்கு இரண்டு பிக்கப் வண்டிகளும் பதிவாகிவிட்டன. ஒருங்கிணைக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது.

குழுவினரின் அனுபவம் ஒரே அளவில் இல்லை என்பதே என் கவலை. நால்வர் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து டைவ் செய்து வருபவர்கள். வேறு நால்வர் அண்மையில்தான் ஓப்பன் வாட்டர் என்ற தொடக்கநிலைச் சான்றிதழ் பெற்றவர்கள். எஞ்சிய இருவர் சான்றிதழ் வைத்திருந்தும் நெடுங்காலமாகக் கடலில் இறங்காதவர்கள். பொனேரில் பெரும்பாலும் வழிகாட்டி இல்லாமல், கரையிலிருந்தே நாமாக இறங்கி நீந்துவது வழக்கம் என்பதால், குழுவை எவ்வாறு பிரிப்பது என்ற கேள்வி எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. அனைவரும் நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் மிகுந்த காற்றுக் கலவை) பயிற்சி பெற்றுக்கொள்வது நல்லதா, சொந்தக் கருவிகளில் எவற்றைக் கட்டாயம் எடுத்துச் செல்ல வேண்டும் என்பவற்றையும் அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி: நீலத்திட்டு

வணக்கம், நண்பரே. நீங்கள் கவலைப்படும் இடம் சரியானது. குழுப் பயணத்தில் ஆபத்து பெரும்பாலும் கடலிலிருந்து வருவதில்லை. அனுபவம் குறைந்தவர், மற்றவர்களுக்குத் தடையாக இருக்கக் கூடாது என்று எண்ணித் தமது எல்லையைத் தாண்டி இறங்குவதிலிருந்துதான் வருகிறது. ஆகவே, எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் வரை யார் யாருடன் செல்வார்கள் என்பதைப் புறப்படும் முன்பே எழுதி வைத்து, அனைவரின் ஒப்புதலையும் பெற்றுவிடுங்கள். தீவில் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று விட்டால், முதல் நாளின் உற்சாகத்தில் எல்லோரும் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடுவார்கள்.

பொனேர் இதற்கு மிகவும் இசைவான தீவு. அதன் மேற்குக் கரையில் பவளத்திட்டு கரைக்கு மிக அருகிலேயே தொடங்கி, பல இடங்களில் ஏறக்குறைய 10 மீட்டர் ஆழத்தில் சரிவாக இறங்கத் தொடங்குகிறது. மீன்களும் பவளங்களும் மிகுதியாக இருப்பது அந்தச் சரிவின் மேல்விளிம்பில்தான். எனவே புதியவர்கள் 10 முதல் 12 மீட்டருக்குள் நிறைவான டைவ் செய்யலாம். அனுபவமுள்ளவர்கள் அதே இடத்தில் சற்று ஆழமாகச் சென்று திரும்பி வரலாம். ஒரே வண்டியில் சென்று, ஒரே கரையில் இறங்கி, வெவ்வேறு திட்டங்களை நிறைவேற்ற முடியும்.

அதற்கு மாறான இடம் ஹில்மா ஹூக்கர் என்ற கப்பல். 1984-இல் மூழ்கிய அந்தச் சரக்குக் கப்பல் ஒருபக்கமாகச் சாய்ந்து, ஏறக்குறைய 30 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. ஓப்பன் வாட்டர் சான்றிதழ் 18 மீட்டர் வரைக்கே உரியது. அந்த ஆழத்தில் கப்பலின் மேற்பக்கத்தைத்தான் எட்ட முடியும். காற்றுச் சிலிண்டருடன் முதல் டைவ் என்றால் 18 மீட்டரில் 56 நிமிடம் தங்க அனுமதிக்கும் பாடி (PADI) பயிற்சி அமைப்பின் அட்டவணை, 30 மீட்டரில் 20 நிமிடம் மட்டுமே அனுமதிக்கிறது. 30 மீட்டரில் அழுத்தம் நீர்மட்டத்தில் இருப்பதைப்போல் நான்கு மடங்காகிவிடுவதால், சிலிண்டரும் அதே விகிதத்தில் விரைவாகத் தீரும். ஆகவே அந்த ஒரு டைவை அனுபவமுள்ள நால்வருக்கென்றே ஒதுக்குங்கள். கப்பலுக்குள் நுழைவதற்குத் தனிப் பயிற்சி தேவை என்பதையும் அவர்களுக்கு நினைவூட்டுங்கள்.

இணைகளைப் பொறுத்தவரை, புதியவர் ஒருவரையும் பழகியவர் ஒருவரையும் சேர்ப்பது எப்போதும் நல்லது என்று நான் கருதவில்லை. பழகியவருக்கு வழிநடத்தும் மனமும் பொறுமையும் இருந்தால் மட்டுமே அது பயன்தரும். இல்லையெனில் அவர் கேமராவுடன் முன்னே போய்விடுவார், புதியவர் பின்னால் துரத்திக்கொண்டிருப்பார். முதல் இரண்டு நாட்களுக்காவது புதிய நால்வருக்கும், இடைவெளிவிட்ட இருவருக்கும் விடுதியின் டைவ் மையத்திலிருந்து ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொள்வது, செலவைவிட மதிப்புமிக்கது.

அந்த இருவரும் புறப்படும் முன்பே நீச்சல்குளத்தில் புத்தாக்கப் பயிற்சி செய்துகொள்ள வேண்டும். மாஸ்க்கில் புகுந்த நீரை வெளியேற்றுவது, வாயிலிருந்து விலகிய ரெகுலேட்டரை (சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கத் தரும் கருவி) மீட்பது, துணைவரின் மாற்று ரெகுலேட்டரில் சுவாசித்தபடி மேலேறுவது, மேலேறி முடிக்கும் முன் பாதுகாப்புக்காக 5 மீட்டர் ஆழத்தில் அசையாமல் மூன்று நிமிடம் நிற்பது ஆகிய நான்கும் யோசிக்காமல் கைவர வேண்டும். மூழ்குவதற்காகக் கட்டிக்கொள்ளும் ஈய எடை குளத்தில் சரியாக இருந்தாலும் கடலில் போதாது என்பதையும் சொல்லிவையுங்கள். கடல்நீர் நன்னீரைவிட ஏறக்குறைய 2.5 சதவீதம் அடர்த்தி மிக்கது. கருவிகளுடன் சேர்த்து 100 கிலோ எடையுள்ளவருக்கு ஏறக்குறைய 2.5 கிலோ கூடுதலாக வேண்டியிருக்கும். அதோடு அலுமினிய சிலிண்டர் காற்று குறையக் குறைய மிதக்கத் தொடங்கும். டைவின் இறுதியில் 5 மீட்டரில் நிற்க முடியாமல் மேலே இழுக்கப்படுவதற்கு இதுவே வழக்கமான காரணம்.

மறுமொழி: உப்புக்காற்று

மேலே உள்ள கருத்துகளுடன் நான் உடன்படுகிறேன். கருவிகள் பற்றியும் அந்தத் தீவின் விதிகள் பற்றியும் மட்டும் சேர்க்கிறேன்.

முகத்துக்குப் பொருந்தும் மாஸ்க்கும், ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும், பயன்படுத்தத் தெரிந்த டைவ் கம்ப்யூட்டரும் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக இருக்க வேண்டும். ஒரே கம்ப்யூட்டரை இருவர் பகிர்ந்துகொள்வது கூடாது. இருவர் அருகருகே நீந்தினாலும் அவர்கள் இறங்கிய ஆழம் ஒன்றாக இருக்காது. மிதப்பைக் கட்டுப்படுத்தும் மேலங்கியான பி.சி.டி.யை அங்கேயே வாடகைக்கு எடுக்கலாம். சொந்த ரெகுலேட்டர் கொண்டு செல்பவர்கள், அது திருகிப் பொருத்தும் டின் வகையா, சிலிண்டர் வால்வின் மேல் கவ்வும் யோக் வகையா என்று பார்த்து, விடுதியில் உள்ள வால்வு எது என்பதை மின்னஞ்சலில் கேட்டுவிடுவது நல்லது. கரீபியன் பகுதியில் யோக் வகையே பரவலாக உள்ளது. டைவ் விளக்குகளுக்கான உதிரி லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும்.

கரையிலிருந்து இறங்கும் இடங்களில் உடைந்த பவளத் துண்டுகளும் வழுக்கும் பாறைகளும் நிறைய உண்டு. எனவே கெட்டியான அடிப்பாகம் கொண்ட பூட்ஸும், அதற்குப் பொருந்தும் திறந்த குதிகால் துடுப்புகளும் வேண்டும். கையுறைகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பொனேரின் கடல் பூங்காவில் அவற்றுக்குத் தடை உள்ளது. கையுறை அணிந்தவர் பவளத்தைப் பற்றிக்கொள்ளத் தயங்கமாட்டார் என்பதால் அந்தத் தடை மிகவும் நியாயமானது என்றே எண்ணுகிறேன்.

1979-இல் நிறுவப்பட்ட அந்தப் பூங்காவை ஸ்டினாப்பா என்ற அமைப்பு நிர்வகிக்கிறது. பூங்காவைப் பயன்படுத்துவதற்கான இயற்கைக் கட்டணத்தை இணையத்தில் முன்கூட்டியே செலுத்திவிடலாம். எவ்வளவு அனுபவம் இருந்தாலும், முதலில் டைவ் மையத்தின் விளக்கக் கூட்டத்தில் கலந்துகொண்டு, அதன் முன்னுள்ள திட்டில் ஒரு சோதனை டைவ் செய்த பிறகே மற்ற இடங்களுக்குச் செல்ல முடியும். வந்திறங்கிய நாளின் திட்டத்தில் இதற்கு இடம் விடுங்கள். 2014-இல் ஃபுளோரிடாவில் கண்டறியப்பட்ட, கற்பவளங்களின் திசுவை அழிக்கும் நோய் 2023-இல் பொனேரையும் எட்டிவிட்டது. ஆகவே கருவிகளைக் கழுவுவது பற்றியும், எந்த இடத்தில் இறங்கலாம் என்பது பற்றியும் பூங்கா நிர்வாகத்தினர் சொல்வதைச் சுணக்கமின்றிக் கடைப்பிடியுங்கள். அந்தப் பவளத்தைப் பார்க்கத்தானே அவ்வளவு தொலைவு போகிறீர்கள்.

வண்டியைக் கரையில் நிறுத்தும்போது பணம், கைப்பேசி, கடவுச்சீட்டு எதையும் உள்ளே விட்டுச் செல்லாதீர்கள்.

அலைமுகம்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. புதியவர்களில் ஒருவருக்குச் சிறுவயதில் ஆஸ்துமா இருந்தது. இப்போது எந்தத் தொல்லையும் இல்லை என்கிறார். மேலும் மூத்த உறுப்பினர் ஒருவர், கடைசி நாள் காலையிலும் ஒரு டைவ் செய்துவிட்டு மாலை விமானத்தைப் பிடிக்கலாம் என்று வலியுறுத்துகிறார்.

மறுமொழி: நீலத்திட்டு

இரண்டாவதற்கு உறுதியாக மறுத்துவிடுங்கள், ஐயா. பல நாட்கள் தொடர்ந்து டைவ் செய்தவர்கள் விமானம் ஏறுவதற்குக் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது டைவிங் பாதுகாப்பு அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் பரிந்துரை. திசுக்களில் கரைந்துள்ள நைட்ரஜன், விமானத்தினுள் அழுத்தம் குறையும்போது குமிழிகளாகலாம்; எனவே நான் 24 மணி நேரத்தையே கணக்கிடச் சொல்வேன். கடைசி நாளை வாஷிங்டன் ஸ்லாக்பாய் தேசியப் பூங்காவுக்கும், தெற்கே உப்பளங்களை அடுத்துள்ள பூநாரைகளுக்கும் ஒதுக்கிவிட்டால் யாருக்கும் நாள் வீணானதாகத் தோன்றாது.

நைட்ராக்ஸ் பற்றி முன்பே கேட்டிருந்தீர்கள். ஒரு நாளில் பல டைவ்கள் செய்யும் பயணத்தில் அது பயனுள்ளதுதான். ஆனால் 12 மீட்டரில் இருக்கப்போகும் புதியவர்களுக்கு அதனால் கிடைக்கும் நன்மை குறைவு. நீண்ட நேரம் ஆழத்தில் இருப்பவர்கள் மட்டும் அந்தப் பயிற்சியைப் பெறட்டும். 32 சதவீத ஆக்சிஜன் கலவைக்கு ஆழ எல்லை ஏறக்குறைய 33 மீட்டர் என்பதையும், ஒவ்வொரு சிலிண்டரின் ஆக்சிஜன் அளவையும் பயன்படுத்துபவரே அளந்து பார்க்க வேண்டும் என்பதையும் அவர்கள் மறக்கக் கூடாது.

ஆஸ்துமாவைப் பொறுத்தவரை, நமது கருத்துக்கு இங்கு இடமில்லை. டைவ் மையத்தில் நிரப்பச் சொல்லும் மருத்துவப் படிவத்தில் அந்த நண்பர் உண்மையை எழுதினால், மருத்துவரின் கையொப்பம் கேட்கப்படலாம். மறைத்தால், மேலேறும்போது சுருங்கிய மூச்சுக்குழாயில் சிக்கிய காற்று விரிந்து நுரையீரலைக் கிழிக்கும் ஆபத்தை அவர் தனியாகச் சுமக்க நேரிடும். படிவத்தை இப்போதே பத்துப் பேருக்கும் அனுப்பி, ஏதேனும் ஒரு கேள்விக்கு ஆம் என்று விடையளிக்க வேண்டியவர்கள், டைவிங் மருத்துவம் அறிந்த மருத்துவரைப் பயணத்துக்குப் பல வாரங்களுக்கு முன்பே பார்த்துவிடச் செய்யுங்கள். பயணக் காப்பீட்டில் ஸ்கூபா விபத்துக்கும் குமிழிகளால் வரும் பாதிப்புக்கான அழுத்த அறைச் சிகிச்சைக்கும் இடமுண்டா, ஆழ வரம்பு ஏதேனும் உண்டா என்பதையும் அப்போதே படித்துப் பாருங்கள். தலைநகர் கிராலெண்டைக்கிலேயே அழுத்த அறை இருக்கிறது. அதன் அவசரத் தொலைபேசி எண்ணை ஒவ்வொரு வண்டியிலும் எழுதி ஒட்டிவிடுங்கள்.