மறு: 'லே ஆஃப்' – தமிழில் எப்படிச் சொல்வது?

குழுவினருக்கு வணக்கம். 'லே ஆஃப்' என்ற தொழிற்சட்டச் சொல்லுக்குத் தமிழில் நீங்கள் சொன்ன யோசனைகளுக்கு என் பதில் இது.

> 'பணிநீக்கம்' என்றே வைத்துக்கொள்ளலாமே? பத்திரிகைகள் அப்படித்தானே எழுதுகின்றன.

ஐயா, பத்திரிகைகள் எழுதுவது ஐ.டி. நிறுவனங்கள் ஆளை வீட்டுக்கு அனுப்புவதைப் பற்றி. அது அமெரிக்க வழக்கு. நம் தொழில் தகராறுகள் சட்டம் (1947) சொன்ன லே ஆஃப் வேறு; 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பும் அதையேதான் சொல்கிறது. நிலக்கரி இல்லை, மின்சாரம் இல்லை, சரக்கு தேங்கிவிட்டது, இயந்திரம் பழுது என்று ஏதோ ஒரு காரணத்தால் முதலாளி வேலை கொடுக்கவில்லை. தொழிலாளியின் பெயரோ மஸ்டர் ரோலில் (ஆலையின் ஆள் பதிவேட்டில்) அப்படியே இருக்கிறது. பெயர் இருக்கும்போது எப்படி ஐயா நீக்கம்?

> 'தற்காலிக வேலைநிறுத்தம்'?

வேண்டவே வேண்டாம். வேலைநிறுத்தம் தொழிலாளி செய்வது. நிர்வாகம் செய்ததை அவர் தலையில் கட்டியதாகிவிடும். அதே ஆலையின் இன்னொரு பிரிவில் நடக்கும் வேலைநிறுத்தத்தால் லே ஆஃப் வந்தால், அந்த நாள்களுக்குச் சட்டப்படி வர வேண்டிய அரைச்சம்பள இழப்பீடே கிடையாது என்பதால், இந்தக் குழப்பம் ஒருவர் சம்பளத்திலேயே கை வைத்துவிடும்.

> தோழர் சொன்ன 'அரைச்சம்பள விடுப்பு' எனக்குப் பிடித்திருக்கிறது.

எனக்கும்தான். ஷிஃப்ட்டில் நிற்பவருக்குச் சட்டென்று புரியும். ஆனால் விடுப்பு என்றால் நாம் கேட்டு வாங்குவது, எடுத்தால் வீட்டில் இருக்கலாம். இங்கே அப்படி இல்லை. வேலை நேரத்தில் நாளுக்கு ஒருமுறையாவது ஆலைக்கு வந்து தலைகாட்டாவிட்டால் இழப்பீடு போச்சு. குறித்த நேரத்துக்கு வந்து, இரண்டு மணி நேரத்துக்குள் வேலை தரவில்லை என்றால் அன்றைக்கு லே ஆஃப். 'ஷிஃப்ட்டின் பிற்பாதிக்கு வா' என்று சொல்லி அப்போது வேலை கொடுத்துவிட்டால் அரை நாள்தான் கணக்கு. அப்புறம், அந்த அரைச்சம்பளமும் (அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இரண்டிலும் பாதி) எல்லோருக்கும் இல்லை. ஐம்பது பேருக்குக் குறைவான ஆலையில் கிடையாது. பதிலி (வராதவருக்குப் பதிலாக வேலை பார்ப்பவர்), கேசுவல் (தேவைப்படும்போது மட்டும் கூப்பிடப்படுபவர்) ஆட்களுக்குக் கிடையாது. ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும். பெயரிலேயே அரைச்சம்பளம் என்று எழுதிவிட்டால், கிடைக்காதவருக்கு அது கேலி.

என் பரிந்துரை: வேலை கொடாநிலை. முதலாளி வேலை கொடுக்கத் தவறுவது, மறுப்பது, கொடுக்க இயலாமல் போவது – சட்ட வரையறை இந்த மூன்றில்தான் தொடங்குகிறது. 'கொடா' மூன்றுக்கும் பொருந்தும். யார் கொடுக்கவில்லை என்பதும் தெளிவு. 'விடாக்கண்டன், கொடாக்கண்டன்' என்று யாராவது கிண்டல் செய்வார்கள். செய்யட்டும், சொல் மனதில் நிற்கும். 'மின்வெட்டால் ஆலையில் மூன்று நாள் வேலை கொடாநிலை' என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் பார்த்தேன், உறுத்தவில்லை.

'ரிட்ரெஞ்ச்மெண்ட்' என்பதற்கு ஆட்குறைப்பு இருக்கிறது, தொட வேண்டாம். ஒழுங்கு நடவடிக்கைத் தண்டனையாக அல்லாமல், சட்டமே விலக்கியவை தவிர வேறு எந்தக் காரணத்துக்காக ஒருவரை நிறுத்தினாலும், அது ஒரே ஆளாக இருந்தாலும், அதில் அடங்கும் என்று 1990இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விளக்கக் குறிப்பில் இதைச் சேர்த்தால் போதும். 'லாக் அவுட்' என்பதற்குக் கதவடைப்பு அருமையான சொல், அதில் பேச்சே இல்லை.

ஒரு சிக்கல் மிச்சம். அந்த நிலையில் இருக்கும் தொழிலாளியை என்னவென்று அழைப்பது? 'வேலை கொடாநிலையில் உள்ளவர்' நீளம். 'வேலையற்றவர்' தப்பு, அவருக்கு வேலை இருக்கிறது. குறுகிய சொல் தோன்றினால் இந்த இழையிலேயே போடுங்கள்.