அத்வைதம் சொல்லும் மாயையும் சைவ சித்தாந்தம் சொல்லும் மாயையும் ஒன்றா?

வெள்ளவத்தை வாசகி:
வணக்கம். என் மகள் உயர்தரத்தில் இந்து நாகரிகம் படிக்கிறாள். உலகம் மாயையால் தோன்றுவது என்று அத்வைதப் பாடத்திலும், மாயை என்றும் உள்ள பொருள் என்று சித்தாந்தப் பாடத்திலும் வருவதால், இரண்டும் ஒரே மாயைதானா என்று கேட்கிறாள். "மாயப் பிறப்பறுக்கும் மன்னன் அடிபோற்றி" என்று நாள்தோறும் ஓதிவரும் எனக்கும் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. அறிந்தவர்கள் விளக்க வேண்டும்.

கொட்டாஞ்சேனை அடியான்:
அம்மா, பெயர் ஒன்றாயினும் தொழில் வேறு. கயிற்றைப் பாம்பாகக் காண்பது போல, உள்ள ஒரே மெய்ப்பொருளாகிய பிரமத்தை மறைத்து இல்லாத உலகத்தைக் காட்டுவது அத்வைதத்தின் மாயை. மறைப்பதை ஆவரண சக்தி என்றும், வேறொன்றாகக் காட்டுவதை விட்சேப சக்தி என்றும் சொல்வார்கள். சித்தாந்தமோ மறைக்கும் தொழிலை, உயிரின் அறிவை இருள்போல் மூடி நிற்கும் ஆணவ மலத்துக்கே உரியதாக்குகிறது. இல்லது தோன்றாது, உள்ளது அழியாது என்னும் சற்காரியவாதத்தின்படி, தோன்றி நின்று ஒடுங்கும் உலகத்துக்கு அழிவில்லாத முதற்காரணம் ஒன்று வேண்டும், அதுவே மாயை. அதிலிருந்துதான் உலகின் அடிப்படைக் கூறுகளாகிய 36 தத்துவங்களையும், அவற்றின் வழியே உயிர்களுக்குத் தனு (உடம்பு), கரணம் (மனம் முதலிய கருவிகள்), புவனம் (உலகம்), போகம் (நுகர்பொருள்) ஆகியவற்றையும் இறைவன் தோற்றுவிக்கிறான். உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் "விடிவாம் அளவும் விளக்கனைய மாயை" என்கிறார். ஆணவ இருளில் ஏதும் அறியாது கிடந்த உயிர், கண்ணும் காதும் மனமும் கிடைத்த பிறகே சிறிதாவது அறியத் தொடங்குகிறது; திருவருள் விடியும்வரை அந்தச் சிற்றொளி போதும். மகள் இதை நன்றாகப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாகவே விளங்கும்.

வேதாந்த மாணவன்:
ஐயா சித்தாந்தத்தை அழகாகச் சொன்னார். ஆனால் "இல்லாத உலகம்" என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அத்வைதத்தில் மாயை உள்ளது என்றும் இல்லது என்றும் அறுதியிட முடியாத அநிர்வசனீயம். கயிற்றில் தோன்றும் பாம்பு பிராதிபாசிகம், அதாவது வெறும் தோற்றம். நாம் வாழும் உலகம் வியாவகாரிகம், அதாவது நடைமுறையில் உண்மை. பிரமம் ஒன்றே பாரமார்த்திகம், அதாவது முடிந்த உண்மை. வெளிப்பொருளே இல்லை என்ற பௌத்த விஞ்ஞானவாதிகளை மறுக்கும்போது, விழிப்பில் காண்பவை கனவுப் பொருள்களைப் போன்றவை அல்ல என்று பிரம சூத்திரத்துக்குத் தாம் எழுதிய பாடியத்திலேயே (உரையிலேயே, 2.2.29) அத்வைத ஆசாரியராகிய சங்கரர் வாதிடுகிறார். பிரம ஞானம் வரும்வரை உலகம் உலகமாகவே நிற்கும். கர்மம், வழிபாடு, குரு, சாத்திரம் யாவும் அதுவரை செல்லுபடியாகும்.

வெள்ளவத்தை வாசகி:
இருவருக்கும் நன்றி. ஒரு ஐயம் மட்டும்: விளக்காக உதவும் மாயையை, உயிரைக் கட்டும் ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலங்களில் ஒன்றாக ஏன் எண்ணுகிறோம்?

கொட்டாஞ்சேனை அடியான்:
நல்ல கேள்வி, அம்மா. அந்த ஒளி உலகப் பொருள்களைக் காட்டுமேயன்றிச் சிவத்தைக் காட்டாது. ஆணவத்தோடு கூடிய உயிர் அந்த ஒளியில் உடம்பையே தான் என்று எண்ணி, போகத்தையே பயன் என்று பற்றிக்கொள்கிறது. அவ்வாறு கட்டுவதால் மாயையும் பாசமாகிறது. ஆயினும் அது முழுவதும் ஒரு தரத்தது அன்று. உடம்பும் மனமும் தோன்றுவது பிரகிருதி மாயையில். அதற்கு மேல் அசுத்த மாயை, அதற்கும் மேல் சுத்த மாயை. ஒலியின் மூலமாகிய நாதமும் மந்திரங்களும் பிறப்பது அந்தச் சுத்த மாயையில்தான். தாங்கள் நாள்தோறும் ஓதும் "நமச்சிவாய" என்னும் ஒலிக்கும் அதுவே இடம்.