எடிஸ் இக்னிஷனுக்கு மாறியபின் டாக்கோமீட்டர் பாதி ஆர்பிஎம்தான் காட்டுகிறது

கேள்வி: கோவென்ட்ரி_கிராஸ்ஃப்ளோ

வணக்கம். லோட்டஸ் செவன் பாணி கிட் கார் ஒன்றை வீட்டு கராஜில் கட்டிக்கொண்டிருக்கிறேன். எஞ்சின் ஃபோர்டு கிராஸ்ஃப்ளோ 1600. பழைய டிஸ்ட்ரிபியூட்டர் இக்னிஷனின் பாயிண்ட், கண்டென்சர் எல்லாம் போய், 36-1 டிரிகர் வீல் (36இல் ஒரு பல் விட்ட சக்கரம்), ஃபோர்டு எடிஸ்-4 மாட்யூல் (டிஸ்ட்ரிபியூட்டர் இல்லாத எலக்ட்ரானிக் இக்னிஷன்), காயில் பேக், பொறி விழும் நேரத்தைக் கணக்கிடும் மெகாஜோல்ட் வந்தாயிற்று. எஞ்சின் அருமையாக ஸ்டார்ட் ஆகிறது. எஞ்சின் சுற்று வேகத்தை (ஆர்பிஎம்) காட்டும் டாக்கோமீட்டர்தான் வழிக்கு வரவில்லை.

பழைய காயிலோடு சரியாக ஓடிய மீட்டர் இது. பின்னால் 4, 6, 8 சிலிண்டர் சுவிட்ச் உண்டு, 4இல்தான் இருக்கிறது. சிக்னல் வயரைக் காயில் பேக்கின் ஒரு நெகட்டிவ் முனையில் கொடுத்தால் கச்சிதமாகப் பாதி காட்டுகிறது: லேப்டாப்பில் மெகாஜோல்ட் 3000 என்றால் முள் 1500இல் நிற்கிறது. அதையே மாட்யூலின் டாக்கோ சிக்னலுக்கு மாற்றினால் முள் அசைவதே இல்லை. இரண்டு நெகட்டிவ் முனைகளையும் சேர்த்து மீட்டருக்குக் கொடுத்துவிடலாமா? டாஷ்போர்டை மூடுவதற்குள் இதை முடிக்க வேண்டும்.

பதில்: லெஸ்டர்_எலக்ட்ரீஷியன்

தம்பி, அந்த இரண்டு முனைகளையும் நேரடியாகச் சேர்க்கவே கூடாது. சேர்த்தால் எந்தக் காயிலுக்கு ஆணை வந்தாலும் இரண்டும் ஒன்றாகப் பொறி தட்டும். இன்லெட் வால்வ் திறந்து பெட்ரோல் கலவை உள்ளே வந்துகொண்டிருக்கும் சிலிண்டரிலும் பொறி விழும். கார்புரேட்டர் வழியாக நெருப்பு வெளியே வரும்.

முதலில் பாதி ஏன் என்று பார்ப்போம். டிஸ்ட்ரிபியூட்டர் இருந்தபோது ஒரே காயில்தான் நாலு சிலிண்டருக்கும் வேலை செய்தது, கிராங்க் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை. மீட்டர் எண்ணுவதும் அந்த இரண்டைத்தான். உங்கள் காயில் பேக்குக்குள் இருப்பது இரண்டு காயில்: 1க்கும் 4க்கும் ஒன்று, 2க்கும் 3க்கும் ஒன்று. ஒவ்வொன்றும் ஒரு சுற்றுக்கு ஒரு முறைதான் தட்டும். ஜோடியில் ஒரு பிளக் கம்ப்ரஷனில் இருக்கும்போது மற்றது எக்ஸாஸ்டில் வீணாகப் பொறி விடும். ஒரு முனையில் மட்டும் வயர் கொடுத்தால் மீட்டருக்குப் பாதி எண்ணிக்கைதான் போகும்.

இப்போது மாட்யூல் சிக்னல். நீங்கள் சொன்னதிலேயே எனக்கு மிகவும் உதவியது இதுதான். மாட்யூல் தருவது 12 வோல்ட் ஏறி இறங்கும் சாதாரண துடிப்பு. பழைய மீட்டர்கள் பலவற்றுக்கு அது காதில் விழாது. காயிலின் மின்சாரம் வெட்டுப்படும் கணத்தில் நெகட்டிவ் முனையில் 300, 400 வோல்ட் வரை ஒரு எகிறல் வருமே, அதற்காகத்தான் அவை காத்திருக்கும். உங்கள் மீட்டர் காயிலில் பேசுகிறது, மாட்யூலில் ஊமையாக இருக்கிறது. அப்படியானால் அது எகிறல் கேட்கிற ரகம், மின்சாரத்தை ஒரே பக்கம் மட்டும் விடும் டையோடு வைத்து இரண்டு முனைகளையும் சேர்க்கும் வழி உங்களுக்குப் பொருந்தும்.

1என்4007 டையோடு இரண்டு வாங்குங்கள், 1000 வோல்ட் தாங்கும், விலை சில்லறைக் காசுதான். வெள்ளைக் கோடு இல்லாத கால்களைக் காயிலின் ஆளுக்கொரு நெகட்டிவ் முனையில் கொடுங்கள். கோடு உள்ள இரண்டு கால்களையும் சேர்த்து, அங்கேயே தொடராக ஒரு 10 கிலோ ஓம், அரை வாட் ரெசிஸ்டர் வைத்து, அதற்குப் பிறகு மீட்டர் வயர். ரெசிஸ்டரை டாஷ்போர்டு பக்கம் வைக்காமல் காயில் பக்கமே வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாளைக்கு அந்த வயர் எஞ்சினுக்கும் டாஷ்போர்டுக்கும் நடுவில் உள்ள பல்க்ஹெட் தகட்டில் உரசி எர்த் ஆனால், ரெசிஸ்டர் இல்லாவிட்டால் இரண்டு காயிலும் டையோடு வழியாக எர்த் ஆகி எஞ்சின் நடுரோட்டில் நின்றுவிடும். ரெசிஸ்டர் இருந்தால் முள் மட்டும்தான் படுக்கும். ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள், பல்க்ஹெட் துளையில் ரப்பர் குரோமெட் கட்டாயம்.

பதில்: ஹூஸ்டன்_கோப்ரா

நான் கட்டியது கோப்ரா ரெப்ளிகா, ஃபோர்டு 302 வி8, இக்னிஷன் பாக்ஸ் எம்எஸ்டி 6ஏஎல். இதைப் படித்துவிட்டு என்னைப்போல எம்எஸ்டி வைத்தவர்கள் காயில் நெகட்டிவில் டாக்கோ வயர் கொடுத்துவிடப் போகிறார்கள் என்றுதான் எழுதுகிறேன். இதில் காயிலுக்கே 450 வோல்ட்டுக்கு மேல் போகிறது, 3000 ஆர்பிஎம்முக்குக் கீழே ஒரே முறைக்குப் பல பொறிகள் வேறு. மீட்டர் எரிந்துவிடும். காயிலில் ஆரஞ்சு, கறுப்பு வயர்களைத் தவிர வேறெதுவும் தொடக்கூடாது. டாக்கோவுக்கென்று பாக்ஸிலேயே தனி முனை இருக்கிறது.

லெஸ்டர் அண்ணா, டையோடு வழியில் புதிய டிஜிட்டல் மீட்டரும் ஓடுமா?

பதில்: லெஸ்டர்_எலக்ட்ரீஷியன்

பெரும்பாலும் ஓடாது. ஒரு காயில் சார்ஜ் ஆகி அதன் முனை பூஜ்யத்துக்கு இறங்கும்போது, மற்ற காயிலின் முனை 12 வோல்ட்டில் இருக்கும். டையோடுகள் சேரும் இடத்தில் அந்த 12தான் தெரியும், வோல்ட்டேஜ் பூஜ்யத்துக்கு இறங்கவே இறங்காது. 12இலிருந்து பூஜ்யம் வரை இறங்குவதை எண்ணுகிற மீட்டருக்கு அங்கே எண்ண ஒன்றுமில்லை. அந்த ரகத்துக்கு மாட்யூல் சிக்னலே சரி. எம்எஸ்டி பற்றி நீங்கள் எழுதியதை எல்லோரும் கவனியுங்கள். அது முற்றிலும் வேறு அமைப்பு, நான் மேலே சொன்னது எதுவும் அதற்குப் பொருந்தாது.

பதில்: கோவென்ட்ரி_கிராஸ்ஃப்ளோ

அண்ணா, மிக்க நன்றி! டையோடு போட்டதும் ஐட்லிங்கில் 900, லேப்டாப்பிலும் 900. 3000 வரை இரண்டும் ஒன்றாகவே போகின்றன. 4500க்கு மேல்தான் முள் நடுங்குகிறது. ரெசிஸ்டரை மாற்ற வேண்டுமா?

பதில்: லெஸ்டர்_எலக்ட்ரீஷியன்

ரெசிஸ்டரை இப்போதைக்குத் தொடாதீர்கள். சிக்னல் வயர் பிளக் வயர்களோடு சேர்ந்து ஓடுகிறதா பாருங்கள். அப்படியானால் பிரித்து, எதிர்ப்பக்கம் சேஸிஸ் குழாய் ஓரமாகக் கொண்டுபோங்கள். மீட்டரின் எர்த் வயரை டாஷ்போர்டு ஸ்குரூவில் விடாமல், எஞ்சினும் பேட்டரியும் எர்த் ஆகிற அதே போல்ட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஃபைபர்கிளாஸ் உடம்பு வண்டிகளில் நடுக்கத்துக்குப் பாதிக் காரணம் எர்த்தான். அப்புறமும் நடுங்கினால் ரெசிஸ்டரை 22 கிலோ ஓம் ஆக்கிப் பாருங்கள். கிராஸ்ஃப்ளோ புஷ்ராட் எஞ்சின், அளவுக்கு மீறிச் சுழற்றினால் தாங்காது, முள்ளை நம்பித்தான் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க வேண்டும். 6000 வரை லேப்டாப்போடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகு டாஷ்போர்டை மூடுங்கள்.