ஸ்டைல் லோடு பண்ணினா எழுத்து உடையுது – அவசரம்

லேஅவுட்_குமரன்:
போன விழா மலருக்குச் செஞ்ச பைல்ல தலைப்பு, உடல், அடிக்குறிப்புன்னு ஸ்டைல் (எழுத்து, அளவு, இடைவெளி எல்லாம் சேர்த்து ஒரு பேர்ல வெச்ச அமைப்பு) எல்லாம் பக்காவா இருக்கு. இந்த வருஷ பைல்ல லோடு பண்ணினேன். பேர் எல்லாம் வருது, எழுத்து உடையுது. நாளைக்குக் காலைல பிரஸ்ஸுக்குப் போகணும். சீக்கிரம் சொல்லுங்க.

வரைபலகை:
பக்கம் அமைக்க எந்த சாஃப்ட்வேர்? இன்டிசைனா, ஸ்க்ரைபஸா? உடையுதுன்னா கட்டம் கட்டமா வருதா, கொம்பு தனியா நிக்குதா?

தாள்பூச்சி:
ஃபான்ட்தான். வேற சிஸ்டம்ல திறந்திருப்பீங்க. எழுதி வெச்சுக்கோங்க, ஃபான்ட்தான்.

குயர்_கட்டு:
ரெண்டு பைல்லயும் ஒரே பேர்ல ஸ்டைல் இருந்துச்சா? லோடு பண்றப்போ 'யூஸ் இன்கமிங் டெஃபனிஷன்' (பழைய பைல் அமைப்பே நிக்கும்) வெச்சீங்களா, 'ஆட்டோ ரீநேம்' (வர்ற ஸ்டைலுக்கு வேற பேர் வெக்கும்) வெச்சீங்களா? மேட்டரை காப்பி பேஸ்ட் பண்ணிக் கொண்டுவந்திருந்தா இந்தக் கேள்வியே வராது, புது பைல்ல இருக்கிற ஸ்டைல்தான் நிக்கும்.

லேஅவுட்_குமரன்:
இன்டிசைன். இன்கமிங்தான் வெச்சேன். அதே சிஸ்டம், அதே யூனிகோடு ஃபான்ட். 'பெண்'ணுல கொம்பு ப-வுக்குப் பின்னாடி போய் நிக்குது.

பழைய_பேஜ்மேக்கர்:
தம்பி, இதையெல்லாம் முதல்லயே சொல்லணும். ஸ்டைல்னா என்னன்னு தெரிஞ்சுக்கிட்டு மலர் வேலைய எடுங்க. அந்தக் கால பேஜ்மேக்கர் சாஃப்ட்வேர்ல 'டிஃபைன் ஸ்டைல்ஸ்' போய் 'காப்பி' அழுத்தி பழைய பைலைக் காட்டினா வேலை முடிஞ்சது. யூனிகோடு இல்லாத பழைய பாமினி ஃபான்ட்ல தட்டினோம், ஒரு கொம்பும் எங்கயும் ஓடல.

தாள்பூச்சி:
அண்ணே, பாமினில செஞ்ச பிடிஎஃப்ல 'தமிழ்'னு தேடிப் பாருங்க, கிடைக்காது. உள்ள இருக்கிறது இங்கிலீஷ் எழுத்து. ஜே, கே, பி, ஓ, செமிகோலன்னு தட்டினாத்தான் கிடைக்கும்.

பழைய_பேஜ்மேக்கர்:
அச்சுக்குப் போற பைல்ல யாருப்பா தேடப் போறா?

தாள்பூச்சி:
மலரை வெப்சைட்லயும் போடுங்கன்னு கமிட்டி கேட்டா?

வரைபலகை:
சண்டைய அப்புறம் வெச்சுக்கலாம். குமரன், இது கம்போஸர் (எழுத்தை வரியில கோக்குற பகுதி) கோளாறு. உடல் ஸ்டைலைத் திறந்து 'பேஸ்ட் ஆன்' (Based On, எந்த ஸ்டைலை அடிப்படையா வெச்சிருக்குன்னு காட்டும்) பாருங்க. 'பேசிக் பாராகிராஃப்'னு இருந்தா அதான் வினை. அது பைலுக்கு பைல் வேற. பழசுல அதுக்குள்ள தமிழை ஒழுங்கா கோக்குற வேர்ல்ட்-ரெடி கம்போஸர் போட்டிருப்பீங்க, புதுசுல சாதா கம்போஸர் இருக்கும். ஸ்டைல் அதுகிட்டேர்ந்து வாங்கிக்குது. 'நோ பாராகிராஃப் ஸ்டைல்'னு மாத்திட்டு, 'ஜஸ்டிஃபிகேஷன்'ல 'அடோபி வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போஸர்' போடுங்க. சைஸ், லீடிங்கையும் (வரி இடைவெளி) ஒரு பார்வை பாருங்க. ஸ்டைல் பேர் பக்கத்துல பிளஸ் நின்னா, ஸ்டைலுக்கு மேல கையால ஏதோ மாத்தியிருக்குன்னு அர்த்தம், ஆல்ட்டைப் பிடிச்சுக்கிட்டு அந்தப் பேரை கிளிக் பண்ணுங்க. ஆனா கையால போட்ட போல்டும் அதோட போயிடும், உஷார்.

குயர்_கட்டு:
அடுத்த மலருக்கு ஒண்ணு: எந்த பைலும் திறக்காம ஸ்டைலை லோடு பண்ணி வெச்சா, அதுக்கப்புறம் புதுசா திறக்கிற எல்லா பைல்லயும் தானா இருக்கும். கட்டுரைக்கு ஒரு பைல்னு பிரிச்சு வெச்சிருந்தா எல்லாத்தையும் சேர்த்து 'புக்' போட்டு 'சிங்க்ரனைஸ்' குடுங்க, ஸ்டைல் எல்லாத்துலயும் ஒண்ணாயிடும்.

லேஅவுட்_குமரன்:
பேஸ்ட் ஆன்தான். கொம்பு முன்னாடி வந்துடுச்சு. போல்டு எல்லாம் போச்சு, திரும்பப் போட்டுக்கிட்டு இருக்கேன். நன்றி.

பழைய_பேஜ்மேக்கர்:
போல்டுக்கு கேரக்டர் ஸ்டைல் (பத்திக்கு இல்லாம சில எழுத்துக்கு மட்டும் போடுற ஸ்டைல்) வெச்சிருந்தா போயிருக்காது. இதையும் நான்தான் சொல்லணும்.

தாள்பூச்சி:
அண்ணே, பிடிஎஃப் கேள்விக்கு இன்னும் பதில் வரல.