புதுப்பிப்பு: தூண்டிலில் இருந்து வரும் சம்பளம்

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: அமெரிக்காவில் மீன்வள அறிவியலில் முதுகலை முடிக்கப் போகிறேன், மாநில அரசு வேலையை நம்பலாமா, பட்ஜெட் வெட்டில் போய்விடுமா என்று.

சரி, வேலை கிடைத்துவிட்டது. ஆறு மாதப் பணிதான். ஏரியில் வலை போட்டு மீனை அளந்து, செதிலை வைத்து வயது பார்க்க வேண்டும். நேர்காணலில் துணிந்து, "சம்பளப் பணம் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டேன். மேலாளர் சிரித்துக்கொண்டே மூலையில் இருந்த தூண்டிலைக் காட்டினார்.

விளையாட்டில்லை. 1950-இல் வந்த டிங்கெல்-ஜான்சன் என்ற மத்திய அரசுச் சட்டப்படி, பெரும்பாலான தூண்டில் சாமான்களுக்கு 10% வரி உண்டு. 1984-இல் மோட்டார் படகு எரிபொருள் வரியும் சேர்ந்தது. மாநிலத்தின் மீன்வளத் திட்டச் செலவில் 75% வரை இந்த வரிப் பணம்; மீதியை மாநிலம் பெரும்பாலும் மீன்பிடி உரிமக் கட்டணத்திலிருந்து போடுகிறது. உரிமக் காசை வேறு துறைக்குத் திருப்பினால் மத்திய நிதிக்கே ஆபத்து. அதனால் பொது பட்ஜெட் வெட்டைவிட, தூண்டில் போடுகிறவர்கள் குறைவதுதான் எங்களுக்குப் பயம்.

காட்டு விலங்குகளுக்கு 1937 முதல் இதே ஏற்பாடு, துப்பாக்கி, தோட்டா வரியில். தவளைக்கும் ஆமைக்கும் அப்படி வரி கட்ட ஆளில்லை. தவளை ஆய்வுக்கு ஆசைப்பட்ட என் தோழி இன்னும் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறாள்.